துறைமுக வாயிலில் ஒரு பாட்டு



பாட்டு ஒன்றைப் பற்றிப் பாடம் எழுதித் தரவேண்டும் என்று மன்றச் செயலாளர் கேட்டபோது, கடல் உயிரியல் பயிலும் எனக்கும் பாட்டுக்கும் என்ன உறவு என்று தயங்கினேன். பிறகு ஒரு செய்தியைப் படித்தேன். நான் எடுத்துக்கொண்ட பாட்டை எழுதிய அம்மையாரும், கேட்ட மாத்திரத்தில், சொன்னதற்கெல்லாம் பாட்டெழுத என்னால் இயலாது என்று மறுத்தவரே. அதன் பின்னரே எனக்குத் துணிவு வந்தது.

அந்தப் பாட்டு நியூயார்க் துறைமுகத்தில் நிற்கும் விடுதலைத் தேவி சிலையின் பீடத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. பெயர் ‘புதிய கொலாசஸ்’. எழுதியவர் எம்மா லாசரஸ். நம்மில் பலர் அதன் இறுதியடிகளை எங்கேனும் கேட்டிருப்போம்; முழுப் பாட்டையும் படித்தவர் சிலரே. அதை இங்கே பெயர்த்து எழுதப் போவதில்லை. நூலகத்தில் எடுத்துப் படித்துக்கொள்ளுங்கள். பாட்டு எப்படிப் பிறந்தது, எப்படி நிற்கிறது, ஹேடோவில் வாழும் நமக்கு அது என்ன சொல்கிறது என்பவற்றை மட்டும் காண்போம்.

முதலில் சிலையின் கதை. அச்சிலை வந்தேறிகளை வரவேற்பதற்காகச் செய்யப்பட்டதன்று. 1865-ஆம் ஆண்டில் எதுவார் தெ லபூலே என்னும் பிரெஞ்சு அறிஞர், அமெரிக்காவில் அடிமைமுறை ஒழிந்ததையும் குடியரசு நிலைத்ததையும் போற்றும் வகையில் ஒரு நினைவுச் சின்னம் எழுப்பவேண்டும் என்று எண்ணினார். அவ்வெண்ணத்தைச் செம்பில் வடித்தவர் பர்த்தோல்தி என்னும் சிற்பி. சிலையின் காலடியில் அறுந்த விலங்கு கிடக்கிறது. கீழிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு அது தெரிவதில்லை. இதே சிற்பி அதற்கு முன்னர், சூயஸ் கால்வாயின் வாயிலில் நிறுத்துவதற்காக, விளக்கேந்திய ஓர் எகிப்திய உழவப் பெண்ணின் உருவத்தைத் திட்டமிட்டு, எகிப்தின் ஆட்சியாளரிடம் 1869-இல் காட்டினார் என்பதும் நினைவுகூரத் தக்கது. அது நிறைவேறவில்லை. நிறைவேறியிருந்தால் விளக்கேந்திய மங்கை ஆசியாவின் வாயிலில் நின்றிருப்பாள்.

பிரான்சு சிலையைத் தந்தது. பீடம் அமெரிக்கர் பொறுப்பு. பீடத்துக்குப் பணம் போதவில்லை. 1883-இல் நிதி திரட்டக் கலைப்பொருட்காட்சி ஒன்று நடத்தினர். அதில் ஏலத்துக்கு வைக்க எழுத்தாளர்களிடம் கையெழுத்துப் படிகளைக் கேட்டனர். அப்படிக் கேட்கப்பட்டவருள் ஒருவரே எம்மா லாசரஸ். அவர் மறுத்ததை மேலே சொன்னேன். கேட்கச் சென்ற கான்ஸ்டன்ஸ் ஹாரிசன் என்னும் எழுத்தாளர் திரும்பிப் போய்விடவில்லை. வார்ட்ஸ் தீவில் நீங்கள் போய்ப் பார்க்கிறீர்களே, அந்த அகதிகளை நினைத்துப் பாருங்கள் என்றார். அது போதுமானதாயிற்று.

யார் அந்த அகதிகள்? 1881-இல் ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாண்டர் கொல்லப்பட்டார். அதனைத் தொடர்ந்து அந்நாட்டில் யூதர்களின் வீடுகளும் கடைகளும் சூறையாடப்பட்டன. உயிர் பிழைத்து ஓடியவர்களுள் பலர் நியூயார்க்கில் வந்திறங்கினர். அவர்களிற் சிலர் வார்ட்ஸ் தீவில் தங்கவைக்கப்பட்டனர். எம்மா லாசரசும் யூதரே. ஆயினும் அவர் குடும்பம் பல தலைமுறைகளாக அந்நாட்டில் வேரூன்றிய செல்வக் குடும்பம், போர்ச்சுகீசிய வழிவந்தது. அகதிகளோ கந்தலுடுத்தி, வேற்று மொழி பேசி வந்தவர்கள். நெடுங்காலம் முன்பே வந்து கௌரவம் பெற்றுவிட்ட குடும்பத்துப் பெண், புதிதாக வந்திறங்கும் ஏழைகளைக் கண்டு முகம் சுளிப்பது உலக வழக்கம். அவர் அப்படிச் செய்யவில்லை. அவர்களிடம் போனார். இச்செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் என் கதை ஒன்றைச் சொல்லும்போது தேவைப்படும்.

இனிப் பாட்டின் அமைப்பு. அது பதினான்கு அடிகள் கொண்ட சானெட் என்னும் யாப்பு. இத்தாலியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. முதல் எட்டு அடிகள் ஒரு பகுதி. பின் ஆறு அடிகள் மற்றொரு பகுதி. நம் யாப்பில் அடி இறுதியில் ஓசை ஒன்றிவருவதை இயைபு என்போம். இங்கும் அதுவே உயிர்நாடி. முதல் எட்டடியில் இரண்டே இறுதி ஓசைகள். ஒன்று, இரண்டு, இரண்டு, ஒன்று என்ற முறையில் இருமுறை சுழன்று வருகின்றன. பின் ஆறடியில் வேறு இரண்டு ஓசைகள் மாறி மாறி வருகின்றன. எட்டாம் அடி முடிந்து ஒன்பதாம் அடி தொடங்கும் இடத்தில் பாட்டு திரும்பும். ஆற்றில் வளைவு இருப்பதுபோல அந்தத் திருப்பத்தை ஆங்கிலப் புலவர்கள் எதிர்பார்ப்பார்கள்.

எம்மா லாசரஸ் அந்த வளைவில் என்ன செய்கிறார்? முதல் எட்டு அடிகளில் கவிஞர் பேசுகிறார். ஒன்பதாம் அடியில் கவிஞர் வாய்மூட, சிலை பேசத் தொடங்குகிறது. செம்பு பேசுமோ என்றால், உதடு அசையாமலே பேசுகிறது என்று கவிஞரே சொல்லிவிடுகிறார். யாப்பின் திருப்பமும் பேசுவோர் மாற்றமும் ஓரிடத்தில் நேர்கின்றன. இப்பாட்டில் நான் கண்ட அழகு இதுதான். இறுதியடிகளை மட்டும் மேற்கோள் காட்டுவோர் இதை இழந்துவிடுகின்றனர்.

தலைப்பை நோக்குவோம். பழைய கொலாசஸ் என்பது கிரேக்க நாட்டு ரோட்ஸ் தீவில் இருந்த கதிரவன் சிலை. வெண்கலத்தால் ஆனது, ஏறக்குறைய 33 மீட்டர் உயரம், போரில் பகைவரை விரட்டிய வெற்றிக்கு அடையாளமாக எழுப்பப்பட்டது. கி.மு. 226-இல் நிலநடுக்கத்தால் வீழ்ந்தது. எம்மா லாசரஸ் அந்த வெற்றி வீரனை முதலிரண்டு அடிகளில் நிறுத்தி, இவள் அவனைப் போன்றவள் அல்லள் என்று விலக்குகிறார். பின்னர் ஒரு பெண்ணைக் கொண்டுவருகிறார். நாடு கடத்தப்பட்டோருக்கெல்லாம் தாய் என்று அவளுக்குப் பெயர் சூட்டுகிறார். அவள் கையிலுள்ள தீப்பந்தத்தின் சுடரை மின்னலைப் பிடித்து அடைத்த சுடர் என்கிறார். விஞ்ஞான மாணவிக்கு இது சுவையான இடம். எடிசனின் முதல் மின் நிலையம் நியூயார்க்கில் 1882-இல்தான் இயங்கத் தொடங்கியது. பாட்டு அடுத்த ஆண்டில் எழுந்தது. அன்றைய நாளிதழிலிருந்து எடுத்த உவமை என்றே சொல்லலாம்.

வெற்றி பாடுவதும் விருந்தோம்புவதும் நம் இலக்கியத்துக்கும் புதியன அல்ல. இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் அவன் கொண்ட நாடுகளின் வரிசையில் மாநக்கவாரம் வருகிறது. அது நம் நிக்கோபார். பள்ளியில் அதைப் படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நாம் இங்கு வந்திருக்கிறோம் என்று இக்கடற்கரையில் நின்று பெருமை பேசியிருக்கிறேன். ஆனால் மெய்க்கீர்த்தி பழைய கொலாசஸ் பேசும் மொழியில் பேசுகிறது. கப்பலில் வந்தவன் வென்றான் என்கிறது. கரையில் நின்றவன் என்ன எண்ணினான் என்பது அதில் இல்லை.

மறுபுறம் நமக்குக் கணியன் பூங்குன்றனார் இருக்கிறார். புறநானூற்றின் 192-ஆம் பாட்டை அறியாத தமிழ் மாணவர் இல்லை. மன்ற விழாவில் மேடைக்கு மேலே எழுதியும் வைக்கிறோம். அதையும் எம்மா லாசரசின் பாட்டையும் ஒன்றென்று சொல்வாருண்டு. நான் அப்படிக் கருதவில்லை. ஆங்கிலப் பாட்டில் ஒரு வீடு இருக்கிறது; வாயில் இருக்கிறது; வாயிலில் விளக்கேந்திய வீட்டுக்காரி நிற்கிறாள்; வருக என்கிறாள். வருக என்று சொல்லும் உரிமை உடையவளுக்கு வராதே என்று சொல்லும் உரிமையும் உண்டு. பூங்குன்றனார் பாட்டில் வாயிலே இல்லை. வெள்ளத்தில் மிதக்கும் தெப்பம்போல உயிர்கள் போகின்றன. வரவேற்பாரும் இல்லை, வரவேற்கப்படுவாரும் இல்லை. பெரியவரை வியக்கவும் வேண்டாம், சிறியவரை இகழ்தல் அதனினும் வேண்டாம் என்பது அவர் கருத்து. ஆங்கிலப் பாட்டிலோ வருவோர் சிறியவர் என்பது முதலிலேயே முடிவாகிவிடுகிறது. அங்கே அவர்களைக் குறிக்க, வேண்டாமென்று கொட்டப்பட்ட கழிவு என்னும் பொருள்படும் ஒரு சொல் வருகிறது.

இப்பாட்டை ஓர் இரவு என் அம்மாவுக்குத் தமிழில் விளக்கினேன். கப்பல், விளக்கு, பெண் எல்லாம் அவருக்குப் பிடித்திருந்தன. அந்தச் சொல் வந்ததும் கீரை ஆய்ந்துகொண்டிருந்த கையை நிறுத்தினார். “கூப்பிடுறவ குப்பைன்னு சொல்லியா கூப்பிடுவா?” என்றார். பழைய நாடுகள் அவர்களை அப்படிக் கருதின, அதைத்தான் அவள் திருப்பிச் சொல்கிறாள் என்று நான் விளக்கம் சொன்னேன். உரையாசிரியர்களும் அப்படியே சொல்வர். அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. எனக்கும் இப்போது முழு உடன்பாடு இல்லை.

பாட்டின் பிற்காலக் கதை விரைவாகச் சொல்லத் தக்கது. 1885-இல் சிலை 214 பெட்டிகளில் அடைக்கப்பட்டுக் கப்பலில் வந்திறங்கியது. அதுவும் ஒரு வந்தேறியே. பீடத்துக்கான மீதிப் பணத்தைப் புலிட்சர் என்னும் பத்திரிகையாளர், தாமும் ஐரோப்பாவிலிருந்து வந்தேறியவர், தம் நாளிதழ் வழியாக 1,20,000-க்கும் மேற்பட்ட மக்களிடம் சில்லறையாகத் திரட்டினார். 1886 அக்டோபர் 28-ஆம் நாள் திறப்பு விழா நடந்தது. அவ்விழாவில் எம்மாவின் பாட்டு படிக்கப்படவில்லை. பெண்ணுருவைத் திறக்கும் விழாவில் பெண்களுக்கும் இடமளிக்கப்படவில்லை, ஓரிருவரைத் தவிர. வாக்குரிமை கேட்ட பெண்கள் ஒரு படகை வாடகைக்கு எடுத்துக்கொண்டு வந்து நீரிலிருந்தே முழங்கினர். அடுத்த ஆண்டு நவம்பரில் எம்மா லாசரஸ் தமது 38-ஆம் வயதில் மறைந்தார். பாட்டும் மறக்கப்பட்டது. அவர் தோழி ஜார்ஜினா ஸ்கைலர் பின்னர் முயன்று, 1903-இல் ஒரு வெண்கலப் பலகையில் பாட்டைப் பொறித்துப் பீடத்தின் உட்சுவரில் பதிக்கச் செய்தார். அச்சுப்பிழை நம் மன்ற இதழுக்கு மட்டும் உரியதன்று. அந்த வெண்கலத்திலும் ஒன்பதாம் அடியில் ஒரு காற்புள்ளி விடுபட்டுப்போயிற்று. சிலை பேசத் தொடங்கும் அந்த அடியில்தான்.

விளக்கின் நிலையும் பாட்டுக்கு ஏற்றபடி இல்லை. 1886 முதல் 1902 வரை அச்சிலை கலங்கரை விளக்கத் துறையின் பொறுப்பில் இருந்தது. தீப்பந்தத்தில் துளைகள் இட்டு உள்ளே மின்விளக்குகளை வைத்தனர். ஒளி மங்கலாகவே இருந்தது. கப்பலுக்கு வழிகாட்டப் போதவில்லை.

ஒளி இருக்கட்டும், கதவு திறந்திருந்ததா? பாட்டு எழுதப்படுவதற்கு ஓராண்டு முன்னர், 1882-இல், சீனத் தொழிலாளர் அமெரிக்காவுக்குள் வரக்கூடாது என்று அந்நாடு சட்டம் இயற்றிவிட்டது. 1885-இல் பீட நிதிக்குச் சீனரிடமும் பணம் கேட்டனர். அப்போது சாம் சோங் போ என்னும் சீனர் பத்திரிகைக்கு ஒரு மடல் எழுதினார். எங்களுக்குக் கதவை அடைத்துவிட்டு, வருவோரை வரவேற்கும் விளக்கேந்திய சிலைக்கு எங்களிடமே காசு கேட்பது எங்களை இழிவுபடுத்துவதாகாதா என்பது அம்மடலின் கருத்து. எம்மாவின் பாட்டைப் படிக்கும்போதெல்லாம் இம்மடலையும் உடன் வைத்துப் படிக்கவேண்டும் என்பேன்.

நம் நாட்டவர் நிலையும் அதுவே. 1917-ஆம் ஆண்டுச் சட்டம் ஆசியாவின் பெரும்பகுதியிலிருந்து வருவோரைத் தடுத்தது. 1923-இல் பகத்சிங் திந்த் என்பவர் வழக்கில், இந்தியர் குடியுரிமை பெறத் தகுதியற்றவர் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கடுத்த ஆண்டு, 1924-இல், சிலையைத் தேசியச் சின்னமாக அறிவித்தனர். அதே ஆண்டில்தான் நாடுவாரியாகப் பங்கு வகுத்து வருவோரைச் சுருக்கும் சட்டமும் வந்தது. 1946-இல் இந்தியர்க்கு ஆண்டுக்கு நூறு பேர் என்று ஒரு சிறு கதவைத் திறந்தனர். நாடுவாரிப் பங்கு முறையை நீக்கிய சட்டம் 1965-இல் வந்தது. குடியரசுத் தலைவர் ஜான்சன் அதில் கையெழுத்திட்டது அந்தச் சிலையின் காலடியில்தான். இன்று அமெரிக்காவில் வாழும் தமிழர்களிற் பெரும்பாலோர் அதன் பின்னர் சென்றவர்களும் அவர் மக்களுமே. எம்மாவின் விளக்கு நம்மவர்க்கு எரியத் தொடங்கப் பாட்டு எழுதப்பட்டு 82 ஆண்டுகள் ஆயின.

அமெரிக்காவின் மேற்குக் கரையில், சான்பிரான்சிஸ்கோ அருகே ஏஞ்சல் தீவு உள்ளது. 1910 முதல் 1940 வரை, சீனாவிலிருந்து வந்தவர்களை அங்குத் தடுத்துவைத்து விசாரித்தனர். வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் காத்திருந்த அவர்கள் மரச்சுவர்களில் பாட்டுக்களைச் செதுக்கினர். 1970-இல் அவை கண்டெடுக்கப்பட்டன. கீழைக் கரையில் வாயிற்காரி பாடிய பாட்டு வெண்கலத்தில் இருக்கிறது. மேலைக் கரையில், வாயிலுக்கு வெளியே நின்றவர் பாடியது மரத்தில் இருக்கிறது.

இனி நம் தீவுக்கு வருவோம். போர்ட் பிளேர் என்று நாம் சொல்லிப் பழகி, 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய இந்நகரிலும் ஒரு தேசிய நினைவுச் சின்னம் கடலைப் பார்த்து நிற்கிறது. செல்லுலர் சிறை. 1896-இல் தொடங்கி 1906-இல் கட்டி முடித்தனர். நடுவே கோபுரம், அதைச் சுற்றிச் சக்கரத்தின் ஆரக்கால் போல ஏழு கட்டடங்கள். இன்று மூன்று எஞ்சியுள்ளன. 1979-இல் தேசிய நினைவகமாயிற்று. நியூயார்க்கின் மங்கை நாடு கடத்தப்பட்டோர்க்குத் தாய் என்றால், நம் கோபுரம் அவர்களைக் காத்துநின்ற காவற்காரன். 1858 மார்ச்சில் முதல் 200 கைதிகள் இங்கே இறக்கப்பட்டபோது அவர்களை யாரும் வருக என்று சொல்லவில்லை; போக விடாதே என்றுதான் சொன்னார்கள். தீவாந்தரம் என்ற சொல்லைக் கேட்டாலே நம் பாட்டன்மார் நடுங்கியதற்குக் காரணம் அதுவே.

கைதிகளுக்குப் பின்னரும் பலர் வந்தனர். 1921-ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின் மலபார் மாப்பிள்ளைமார் கொண்டுவரப்பட்டனர். 1925-இல் பர்மாவிலிருந்து கரேன் மக்கள் மாயாபந்தர் பக்கம் வந்து வெபி என்னும் ஊரை அமைத்தனர். நாடு பிரிந்தபின் கிழக்கு வங்கத்து அகதிகள் 1949 முதல் குடியேற்றப்பட்டனர். நம்மவர் கதையில் ஒரு பகுதி இலங்கையிலிருந்து தொடங்குகிறது. 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, மலையகத் தோட்டத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்வதென்றும் முடிவாயிற்று. இரண்டு அரசுகள் தலையெண்ணிப் பகிர்ந்துகொண்டன. அப்படி வந்தவருள் சிலர் நிக்கோபாரில் உள்ள கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்துக்கு அனுப்பப்பட்டனர். தேயிலை தெரிந்த கை ரப்பர் மரத்தைக் கீறப் பழகியது. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை அந்தத் தீவைத் தாக்கியதை நான் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் பேரப்பிள்ளைகள் நம் மன்றத்திலேயே இருக்கிறார்கள்.

இந்த வரிசையில் கடைசியில் நிற்பது என் குடும்பம். 2008-இல், எனக்கு ஆறு வயதாகும்போது, இராமநாதபுரத்துக் காய்ந்த ஊரை விட்டுச் சென்னையில் கப்பலேறினோம். பங்க் கிளாஸ். அம்மாவுக்கு மூன்று நாளும் வாந்தி. மூன்றாம் நாள் வடக்கு விரிகுடாவின் கலங்கரை விளக்கம் தெரிந்தபோது அப்பா என்னைத் தூக்கிக் காட்டினார். பழைய சிவப்பு இருபது ரூபாய் நோட்டில் தென்னைக்கிடையே இருக்கும் அதே விளக்குதான். அப்பா சட்டைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து, இரண்டையும் ஒத்துப்பார்க்கச் சொன்னார். ஹேடோ ஜெட்டியில் இறங்கினோம். வேலை வாங்கித் தருவதாகச் சொன்னவர் வரவில்லை. பொழுது சாயும்வரை டிரங்குப் பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தோம். தேநீர் விற்ற தெலுங்குக்கார அம்மாள் ஒருவர் எனக்கு ஒரு பிஸ்கட் கொடுத்து இந்தியில் ஏதோ கேட்டார். எங்களில் எவருக்கும் விளங்கவில்லை. அவர் சிரித்துக்கொண்டு போய்விட்டார். அவ்வளவே எங்கள் வரவேற்பு. அப்பா அந்த ஜெட்டியிலேயே சுமை ஏற்றி இறக்கும் வேலைக்குச் சேர்ந்தார்.

பின்னர் ஒருநாள், படிப்புக்காக ஒரு சான்று கேட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். உன் சொந்த ஊர் எது என்று கேட்டனர். ஹேடோ என்றேன். அது இருக்கட்டும், சொந்த ஊர் எது என்று மீண்டும் கேட்டனர். ஊரில் போய் நின்றாலோ, அந்தமான்காரப் பெண் வந்திருக்கிறாள் என்கிறார்கள். இத்தகைய அனுபவம் உங்களிற் பலருக்கும் உண்டு, விரிக்க வேண்டியதில்லை.

சொல்லத் தயங்கிய ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சென்ற கோடையில், ஊரிலிருந்து வந்த அரிசி மூட்டையை எடுக்க அம்மாவும் நானும் ஜெட்டிக்குப் போனோம். கப்பலிலிருந்து இளைஞர்கள் கூட்டமாக இறங்கிக்கொண்டிருந்தனர். கட்டட வேலைக்கு வந்தவர்கள். தோளில் பை, கையில் போர்வை. எங்கள் தெருவில் அப்போது நாள் விட்டு நாள் கூடக் குழாயில் நீர் வரவில்லை. தனிக்காரி அணையில் நீர் இறங்கிவிட்டது என்று வகுப்பில் பேசிக்கொண்டிருந்த நாட்கள். தீவு ஒன்றின் தாங்குதிறன் என்ன என்று தேர்வில் எழுதிய கை எனது. “இப்படி வந்துகொண்டே இருந்தால் தீவு தாங்குமா, அம்மா?” என்றேன். கணக்குப்படி நான் சொன்னது தவறன்று. சொன்ன குரலில் கணக்கு இல்லை, முகச்சுளிப்பு இருந்தது. அம்மா மூட்டையின் கட்டை அவிழ்த்துப் பார்த்துக்கொண்டே, “நாம எறங்குன அன்னிக்கும் எவளாச்சும் ஒருத்தி இதே எடத்துல நின்னு இதத்தான் சொல்லியிருப்பா” என்றார்.

வார்ட்ஸ் தீவுக்குப் போன எம்மா லாசரசை நினைவில் வைக்கச் சொன்னேனே, இதற்காகத்தான்.

ஆனால் பாட்டில் இன்னுமொரு சிக்கல் உண்டு. அதை அம்மாவும் கேட்கவில்லை. எம்மாவும் எண்ணியதாகத் தெரியவில்லை. வருக என்று சொல்ல அந்தச் செம்பு மங்கைக்கு உரிமை தந்தது யார்? நியூயார்க் துறைமுகம் லெனாப்பே மக்களின் நிலம். அவர்கள் பாட்டில் எங்கும் இல்லை. நம் தீவிலும் அப்படியே. 1859-இல் பெரிய அந்தமானியர் அம்பும் வில்லும் கொண்டு அபர்தீனில் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டனர். இன்று அவ்வினத்தார் ஏறக்குறைய ஐம்பது பேரே. ஸ்ட்ரெயிட் தீவில் குடியமர்த்தப்பட்டவர்கள். ஓங்கேக்களும் ஜாரவாக்களும் தம் காட்டில் ஒரு பகுதியை வைத்துக்கொண்டிருக்கின்றனர். சென்டினல் தீவினர் மட்டும் தம் கரையில் எவரையும் இறங்க விடுவதில்லை. சீனரை நோக்கிக் கதவடைத்தவனைக் குறைசொன்ன அதே வாயால், சென்டினல் தீவினரின் அடைத்த கதவை நான் சரி என்கிறேன். வெளியார் உடலோடு வரும் நோயைத் தாங்கும் ஆற்றல் அவர்கள் உடலுக்கு இல்லை என்பது உயிரியல். பெரிய அந்தமானியர்க்கு நேர்ந்ததும் நாம் அறிந்ததே. எல்லாக் கதவும் ஒன்றல்ல. அடைப்பவன் வலியவனா மெலியவனா என்று பார்க்கவேண்டியிருக்கிறது. இங்கே பூங்குன்றனார் பாட்டும் எனக்கு முழுமையாக உதவவில்லை. எல்லா ஊரையும் தன் ஊராக எண்ணுபவன் வந்திறங்கும்போது, அந்த ஊர்க்காரன் என்ன செய்வான்? மேடைக்கு மேலே எழுதிவைத்த நாம் இக்கேள்வியைக் கேட்டதில்லை.

இறுதியாக என் பாடத்திலிருந்து ஒன்று. அச்சிலையின் செம்புத் தகடு 2.4 மில்லிமீட்டர் தடிமனே. மேலே படிந்த பச்சை நிறம் செம்பு காற்றோடும் ஈரத்தோடும் சேர்ந்து உண்டாக்கிய படலம். அது தகட்டைக் காக்கிறது. கேடு உள்ளே இருந்தது. தகட்டைத் தாங்கும் இரும்புச் சட்டத்தை ஈபெல் அமைத்தார். செம்பும் இரும்பும் உப்பு ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டால் மின்னோட்டம் உண்டாகி இரும்பு அரிக்கப்படும். இதை அறிந்தே இடையில் கல்நார் வைத்துத் தடுத்தார்கள். நாளடைவில் அது நைந்தது. இரும்பு துருவேறிப் பருத்து, தகட்டைப் பிடித்த ஆணிகளைப் பிடுங்கியது. 1984 முதல் 1986 வரை சிலையைச் சுற்றிச் சாரம் கட்டி, இரும்புச் சலாகைகள் ஆயிரத்துக்கு மேற்பட்டவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றித் துருவேறா எஃகு வைத்தார்கள்; செம்புக்கும் எஃகுக்கும் இடையே டெஃப்லான். தீப்பந்தத்தையும் புதிதாகச் செய்தார்கள். பாட்டுப் பலகைக்கு அந்த வேலை தேவைப்படவில்லை. ஹேடோ ஜெட்டியின் இரும்புத் தூண்களைப் போய்ப் பாருங்கள். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே துரு எப்படி அடுக்கடுக்காக உரிகிறது என்று தெரியும். அடுத்த இதழில் அதுபற்றித் தனியே எழுதலாம் என்றிருக்கிறேன்.

வரும் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மன்றக் கூட்டம். ஆங்கிலப் பாட்டையும் புறநானூற்று 192-ஐயும் இருமுறையேனும் படித்துக்கொண்டு வாருங்கள். மூன்றாவதாக அந்தச் சீனர் மடலும் கிடைத்தால் நன்று. அன்று சென்னைக் கப்பல் வருவதாகச் சொல்கிறார்கள். அப்படி வந்தால் நான் சற்றுத் தாமதமாகவே வருவேன். அம்மாவின் அண்ணன் மகன் வேலை தேடி வருகிறான். இந்தி தெரியாது. பொழுது சாயுமுன் ஜெட்டிக்குப் போய் அவனை அழைத்துவர வேண்டும்.